யாஷிகா மேட் 124ஜி ஃபிலிம் கேமரா ஷட்டர் பாதியில நிக்குதா

தம்பி, தாத்தாவோட யாஷிகா மேட்ல ஷட்டர் ஸ்பீடு 1/125 செகண்ட் ஓடுது, 1/15ஐ விட மெதுவா வச்சா ஷட்டர் இலை (வெளிச்சத்த விட தொறந்து மூடுற மெல்லிசு தகடு) பாதி தொறந்து அப்படியே நிக்குதுன்னு போட்ருந்தீங்க. எனக்கும் அதே கதைதான், சித்திரை வெயில்ல பீரோவுக்குள்ளயே கெடந்து பழைய கிரீஸ் உருகி இலைக்கு வந்துருச்சு. அதுல இருக்கிற காப்பால் கம்பெனி லீஃப் ஷட்டரோட இலைங்க சுத்தமா காஞ்சு இருக்கணும், துளி எண்ணெய் இருந்தாலும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். அதனால டபிள்யூடி-40 (துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே) அடிக்கலாமான்னு கேட்டீங்கள்ல, தொடவே தொடாதீங்க.

முன் லென்ஸை ரப்பர் துண்டு வச்சு இடப்பக்கமா சுத்திக் கழட்டுங்க. காது பட்ஸ்ல லைட்டர் ஃப்ளூயிட் லேசா நனைச்சு இலையில தொட்டு, இருவது தடவை ஷட்டர் அடிச்சு, கருப்பா வர்றத தொடைச்சு, திரும்பவும் அதே மாதிரி, பட்ஸ் வெள்ளையா வர்ற வரைக்கும். ஊத்திராதீங்க, கரைஞ்ச எண்ணெய் திரும்ப இலைக்கே வந்துரும். லைட்டர் ஃப்ளூயிட் டக்குன்னு பத்திக்கும், பக்கத்துல சாமி விளக்கு எரியக் கூடாது.

அப்பவும் 1 செகண்ட் ஸ்பீடு ரொம்ப இழுத்துக்கிட்டு ஓடுனா ஸ்லோ ஸ்பீடு பல்சக்கரம்தான் ஒட்டிருக்கு, முன்தகட்டைக் கழட்டணும். கீழ வெள்ளை வேட்டிய விரிச்சுக்கங்க, நான் விரிக்காம ஒரு ஸ்க்ரூவ மொசைக் தரையில விட்டுட்டு ரெண்டு நாள் தேடுனேன். இதுக்கான சின்ன ஸ்க்ரூடிரைவர் வாட்ச் சாமான் கடையில கேளுங்க.

செல்ஃப் டைமர (கொஞ்ச நேரம் கழிச்சு தானா படம் எடுக்கிற லீவர்) மட்டும் இப்போதைக்குத் தொடாதீங்க, அது நடுவுல சிக்கிக்கிட்டா ஷட்டரே மொத்தமா நின்னுரும்.