அப்பிள் சம்பலும் அச்சாறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு அப்பிளைப் பற்றியதாகவே இருப்பதால், ஏனையவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வன்னியில் அப்பிள் என்றால் நோயாளரைப் பார்க்கப் போகிறவரின் கையில் தொங்கும் பைதான் நினைவுக்கு வரும். அது சோற்றுக் கோப்பைக்குள் வரக்கூடிய பொருளென்று எங்களில் பலர் எண்ணுவதில்லை. செங்காய் மாங்காயை எப்படிக் கையாளுகிறோமோ அப்படியே அப்பிளையும் கையாளலாம் என்பது என் அனுபவம்.

கேள்வி (மல்லாவி): ரீச்சர், சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த மாமியைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த அப்பிள்கள் பதினைந்துக்கு மேல் கிடக்கின்றன. பிள்ளைகள் இரண்டு கடி கடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். சோற்றோடு சாப்பிடக்கூடியதாக ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் அவற்றைத் தரம் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரலால் சுண்டினால், இறுக்கமான பழம் கணீரென்றும் தளர்ந்த பழம் மந்தமாகவும் ஒலிக்கும். அடிப்பக்கத்தில் ஐந்து முடிச்சுகள் புடைத்திருக்கும் கருஞ்சிவப்புப் பழம் பெரும்பாலும் ரெட் டெலிஷியஸ் இனமாகும். பல மாதங்கள் குளிரறையில் இருந்து, கப்பலேறி, பிறகு எங்கள் வெயிலில் கடை வாசலில் தொங்கும்போது அதன் கலங்களை ஒட்டவைத்திருக்கும் பெக்ரின் இளகிவிடுகிறது. கடிக்கும்போது கலங்கள் உடைந்து சாறு வராமல் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப்போவதனால்தான் வாயில் மாப்போல இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் இரண்டு கடியோடு நிறுத்தியதில் பிழையில்லை. அத்தகைய பழங்களைச் சீவி, கறுவாத் துண்டொன்றும் சிறிது சர்க்கரையும் சேர்த்து அவித்து மசித்து, பாணுக்கோ ரொட்டிக்கோ வையுங்கள்.

கணீரென்று ஒலித்தவற்றில் சம்பல் செய்யுங்கள். பச்சை நிறத்தில் வரும் கிரானி ஸ்மித் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. 1868ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கு அண்மையில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் காணியில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த இனம் அது; எங்கள் வளவில் குப்பைமேட்டில் முளைத்த பப்பாசி சிலவேளை நட்டு வளர்த்ததைவிட நன்றாகக் காய்ப்பதைப் போலத்தான். ஒரு பழத்துக்கு அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி உப்பு போதும். மிளகாயையும் வெங்காயத்தையும் உப்போடு உரலில் இடித்து, தேங்காய்ப்பூவைப் போட்டு இன்னும் நாலு இடி இடித்து எடுங்கள். அப்பிளை மட்டும் இடிக்கக் கூடாது. தோலோடு தீக்குச்சித் தடிப்பில் அரிந்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னர் கையால் பிரட்ட வேண்டும். சிவப்பு அப்பிளாயின் அரைத் தேசிக்காய் பிழியுங்கள். பச்சை அப்பிளுக்கு அது தேவைப்படாது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முல்லைத்தீவுக் கருவாட்டுப் பொரியல் ஆகியவற்றோடு இது மாங்காய்ச் சம்பலுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது. அதற்கு மேலானது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி (வவுனியா): மகளின் பிறந்தநாளுக்குக் காலையில் வெட்டிய அப்பிள் சலாட் மதியத்துக்குள் கறுத்துவிட்டது. கத்தியில்தான் பிழை என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. பழைய இரும்புக் கத்தி கறுப்பைக் கூட்டும்; ஆனால் சில்வர் கத்தியால் வெட்டினாலும் அப்பிள் நிறம் மாறத்தான் செய்யும். வெட்டியவுடன் உடைந்த கலங்களிலுள்ள பீனோல் சேர்மங்களும் ஒரு நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுசேர்வதே காரணம். கத்தரிக்காயும் வாழைப்பூவும் கறுப்பது இதனாலேயே. அவற்றை வெட்டி உப்புத் தண்ணீரில் போடும் நீங்கள் அப்பிளை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் மூழ்கவைத்து, வேறு கொதித்து ஆறிய தண்ணீரில் ஒருதரம் அலசி வடியுங்கள். பச்சையாகச் சாப்பிடப்போவதால் கிணற்றுத் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். புளிப்பு இடையூறில்லாத சலாட்டுக்கு, இரண்டு பழங்களுக்கு ஒரு தேசிக்காயின் சாறு பிழிந்து பிரட்டினாலும் போதும். புளிப்பு கூடக்கூட அந்த நொதியத்தின் வேகம் குறையும்; சாற்றிலுள்ள விற்றமின் சியும் கறுப்பைப் பிற்போடும்.

எங்கள் காட்டுத்தேன் வீட்டிலிருந்தால் ஒரு கோப்பை தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கலந்து அதில் துண்டுகளைத் தோய்த்தெடுக்கலாம். தேனுக்கும் இந்த நொதியத்தைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தை விருந்தில் இருந்தால் தேன் சேர்த்ததை அதற்குக் கொடுக்கக் கூடாது. எதைச் செய்தாலும் இவையெல்லாம் சில மணி நேரத்துக்குத்தான். விருந்து மதியமென்றால் அப்பிளை மதியத்துக்குச் சற்று முன்னர் வெட்டுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): எருமைத் தயிரில் அப்பிள் பச்சடி செய்தேன். அரை மணி நேரத்தில் மோராகிவிட்டது.

பதில்: உப்பை முதலிலேயே போட்டிருப்பீர்கள். அப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். உப்பும் சீனியும் பட்டவுடன் அந்தத் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். முட்டித் தயிரைத் துப்புரவான மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியானதை மட்டும் எடுங்கள். வடிந்த தண்ணீரை வீசாமல் ரொட்டிக்கு மாக் குழைக்கப் பயன்படுத்தலாம். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்ததை ஆறவிட்டுத் தயிரில் கலந்து வைத்துக்கொண்டு, சோறு போடும்போது அப்பிளையும் உப்பையும் சேருங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அப்பிளை வினாகிரியில் ஊறவைத்து அச்சாறு போல வைத்திருக்க முடியுமா? எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை.

பதில்: முடியும், எவ்வளவு நாளைக்கு என்பதில்தான் கவனம் தேவை. நான் மனைப்பொருளியல் படிப்பித்த காலத்தில், வினாகிரியின் கடுப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்காதென்று எண்ணி அதைப் பாதியாகக் குறைத்து, சீனியைக் கூட்டி, ஒரு போத்தல் அப்பிள் போட்டு அலுமாரியில் வைத்தேன். நாலாம் நாள் மூடியைத் திருகியதும் சோடாப் போத்தலைப் போலச் சீறிப் பொங்கி, மேசை விரிப்பையும் என் சேலையையும் நனைத்தது. புளிப்புப் போதாத இடத்தில் மதுவம் சீனியைத் தின்று வாயுவை உண்டாக்கியிருக்கிறது. மாணவிகளுக்கு அது நல்ல பாடமாயிற்று. எனக்கு ஒரு சேலை போயிற்று.

முறை இதுதான். இரண்டு பச்சை அப்பிள்களைத் தோலோடு, விதைக்கூட்டை நீக்கி, சிறுவிரல் தடிப்பில் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். வினாகிரி ஒரு கோப்பை, தண்ணீர் அரைக் கோப்பை, சீனி மூன்று மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி, இரண்டு செத்தல் மிளகாய், விரலளவு கறுவா, நாலைந்து கராம்பு, கொஞ்சம் இஞ்சி ஆகியவற்றை ஒன்றாகக் கொதிக்கவைத்து இறக்குங்கள். அலுமினியச் சட்டி கூடாது. வினாகிரி அதை அரித்துவிடும். கொதித்த தண்ணீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் துண்டுகளை அடுக்கி, திரவம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துண்டுகள் கண்ணாடிபோலத் தெளிந்து தளர்ந்துவிடும்; மொறுமொறுப்பு இராது.

ஒரு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அப்பிளின் பருமனில் ஏறத்தாழக் காற்பங்கு காற்று. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. போத்தலுக்குள்ளும் துண்டுகள் மேலே வந்து, திரவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நுனிகள் முதலில் பழுப்பாகி, பிறகு பூஞ்சணம் பிடிக்கும். கோவா இலையொன்றை மடித்து மேலே அமுக்கி வைத்தால் அவை அடங்கிவிடும். ஒருநாள் கழிந்து திரவத்தை உறிஞ்சியபின் பெரும்பாலும் தாமாகவே தாழும். அடுத்த நாளே சாப்பிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். அது இல்லாத வீட்டில் இரண்டு நாளைக்கு மேல் வைக்க நான் சொல்லமாட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வேறொரு வழி பொருத்தமாக இருக்கும். கடுகு, இஞ்சி, உள்ளி ஆகியவற்றைத் தண்ணீர் கலக்காத வினாகிரியில் அரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் போட்டு வழக்கமான அச்சாறு செய்து வையுங்கள். வேண்டிய அன்று மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் அப்பிளை அரிந்து சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பரிமாறுங்கள். புரியாணிக்கும் மஞ்சள் சோற்றுக்கும் அது நன்றாகப் பொருந்தும்.

கேள்வி (மாங்குளம்): ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் என் மகன், அங்கே முழு அப்பிளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து இறைச்சியோடு சாப்பிடுகிறார்கள் என்கிறான். இங்கே அதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: மகன் சொல்வது சரி. அங்கே அந்தோனவ்கா என்ற புளிப்பு இனத்தை இலையுதிர் காலத்தில் பீப்பாயிலோ சாடியிலோ அடுக்கி, இடையிடையே றை என்ற தானியத்தின் வைக்கோலும் செரி இலையும் வைத்து, உப்பும் தேனோ சீனியோ கலந்த தண்ணீரை ஊற்றி, பாரம் வைத்து அமுக்குவார்கள். சில நாட்கள் வெளியே புளிக்கவிட்டு, பிறகு நிலவறைக் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தெடுக்கும்போது அப்பிள் சற்றுச் சுருசுருத்து, மோருக்கும் பழச்சாற்றுக்கும் இடைப்பட்ட புளிப்போடு இருக்கும். அந்தப் பக்குவம் மெதுவாக நடப்பதற்கு அந்தக் குளிர் வேண்டும். எங்கள் கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் அது இரண்டு மூன்று நாளில் சாராயவாடை அடித்து, கொழகொழத்துவிடும். உப்பில் ஊறிய மாங்காய் எங்களிடம் இருக்கிறது. மகன் விடுமுறையில் வரும்போது அதைக் கொடுங்கள், இரண்டுக்கும் உள்ள உறவை அவரே சொல்வார்.

கேள்வி (கிளிநொச்சி): வோல்டோர்ப் சலாட்டை வீட்டில் செய்ய ஆசை. செலரித் தண்டும் வால்நட்டும் இங்கே கிடைப்பதில்லை.

பதில்: 1890களில் நியூயோர்க் நகரின் வோல்டோர்ப் விடுதியில் ஒஸ்கார் சேர்க்கி என்பவர் அறிமுகப்படுத்தியபோது அதில் அப்பிள், செலரி, மயோனைஸ் மட்டுமே இருந்தன, வால்நட் பிறகு சேர்ந்தது. ஆகவே அது இல்லையென்று வருந்த வேண்டாம், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் போதும். செலரித் தண்டு தருவது மொறுமொறுப்பும் ஈரமும் என்பதால், விதை நீக்கிய கெக்கரிக்காயை வெட்டி, சந்தையில் கிடைக்கும் மெல்லிய செலரி இலையைச் சிறிதளவு மணத்துக்கு அரிந்து போடுங்கள். மயோனைஸுக்குப் பதில் மேலே சொன்ன வடித்த தயிரில் மிளகுதூளும் தேசிச்சாறும் கலந்தால் எங்கள் வெயிலுக்கு அது பாதுகாப்பானது. வெளியில் வைத்த மயோனைஸ் சலாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது.

கேள்வி (துணுக்காய்): அப்பிளில் பூசியிருக்கும் மெழுகு ஆபத்தானதா? விதையில் நஞ்சு உண்டா?

பதில்: மெழுகு உண்ணத்தக்கதே, அரக்கிலிருந்தோ கார்னோபா என்ற பனையின் இலையிலிருந்தோ எடுப்பது. இளஞ்சூட்டு நீரில் தேய்த்துக் கழுவினால் போதும். விதையை நொறுக்கினால் சயனைட்டு வெளிவரக்கூடிய பொருள் அதில் உண்டு. தவறி ஒன்றிரண்டை முழுதாக விழுங்கியவர் அஞ்ச வேண்டியதில்லை. மிக்சரில் அரைப்பவர்கள் விதைக்கூட்டை நீக்கிவிட வேண்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): குளிர்சாதனப் பெட்டியில் அப்பிளோடு வைத்த கீரை மஞ்சளாகிறது, கரட் கசக்கிறது.

பதில்: அப்பிள் விடும் எதிலீன் வாயுவின் வேலை இது. பையில் கட்டித் தனித் தட்டில் வையுங்கள். செங்காய் வாழைப்பழத்தைப் பழுக்கவைக்க வேண்டுமானால் அதே அப்பிளை அதனோடு சேர்த்துக் கடதாசிப் பைக்குள் போடலாம்.

கேள்வி (பூநகரி): அன்னாசிக் கறி போல அப்பிளிலும் கறி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் அன்னாசி தாங்கும் நேரத்தை அப்பிள் தாங்காது. எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு தேக்கரண்டி கறித்தூளும் சிறு துண்டுக் கறுவாவும் போட்டு வாசம் வந்தவுடன், இரண்டாம் பால் அரைக் கோப்பை விட்டுக் கொதிக்கவிடுங்கள். அதன்பின் பெரிய துண்டுகளாக வெட்டிய இரண்டு பச்சை அப்பிள்களைப் போட்டு, நாலு நிமிடத்தில் உப்பும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி முதற்பால் விட்டு, ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள். ஈர்க்கால் குத்தினால் துண்டின் நடுவில் சற்றுத் தடை தெரிய வேண்டும். இறக்கியபின் சட்டியை மூடாதீர்கள். மூடினால் உள்ளிருக்கும் ஆவியிலேயே மிச்சம் வெந்து குழைந்துவிடும்.