மணாலியில் ஓர் ஆண்டு

அன்புள்ள ஐயா,

இமயமலைப் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதுபவற்றைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு வயது முப்பத்தொன்று. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஓர் ஆண்டு எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. மணாலியில் அறை எடுத்துத் தங்கி, அங்கே எந்தெந்தப் பருவத்தில் என்னென்ன விளையாட்டு உண்டோ அத்தனையும் செய்துபார்ப்பதாகத் திட்டம். ஜனவரியில் பனிச்சறுக்கு, பிப்ரவரியில் ராஃப்டிங், ஏப்ரலில் பாறையேற்றம், ஜூனில் ட்ரெக்கிங், ஆகஸ்டில் பாராகிளைடிங் என்று அட்டவணையே போட்டுவிட்டேன். இப்போதைக்கு வார இறுதிகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறுவதுதான் என் ஒரே பழக்கம்.

அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்' என்கிறார். சைக்கிளையே ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் ஏதாவது சாதிக்கலாமே என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போவதா, எல்லாவற்றையும் தொட்டுப்பார்ப்பதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

போய் வாருங்கள். அந்த அட்டவணையை மட்டும் கிழித்துப்போடுங்கள். பிப்ரவரியில் பியாஸ் ஆறு கல் தெரிய ஓடும். கேட்டால் படகு இறக்குவார்கள்; சுவாரசியமும் இருக்காது, விரல்களும் விறைத்துப்போகும். ஆகஸ்டில் பாராகிளைடிங் கிடையவே கிடையாது. மணாலி இருக்கும் குல்லு மாவட்டத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறப்பதற்கும் படகு விடுவதற்கும் தடை. மாதத்துக்கு ஒன்று என்று விளையாட்டுகளை நாம் பங்கு போட முடியாது. பனி எப்போது விழுகிறது, எப்போது உருகுகிறது என்பதைப் பொறுத்து அவை தாமாகவே மாறிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பாவுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

பனியிலிருந்தே தொடங்குகிறேன். அங்கே குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது நம் பருவமழை அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேற்குக் காற்றோடு வரும் மேகக்கூட்டம். அது ஒழுங்காக வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் இமாசலப் பிரதேசம் முழுக்க மழையும் பனியும் ஏறத்தாழ இல்லாமலே போய், மாதக் கடைசியில்தான் விழத் தொடங்கியது. ஜனவரி முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனவர்கள் வெறும் புல்தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நீங்கள் அங்கேயே தங்கப்போவதால் காத்திருக்கலாம். ஓராண்டு தங்குவதன் பெரிய லாபமே அதுதான்.

பனிச்சறுக்கை மணாலியிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர் மேலே இருக்கும் சோலாங்கில் கற்றுக்கொள்ளலாம். சாலையோரத்தில் வாடகைக் கோட்டு மாட்டிவிட்டு, கையைப் பிடித்து நூறடி இழுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவைக்கும் வியாபாரத்தில் சிக்கிக்கொள்ளாதீர்கள். பியாஸின் இடது கரையில் அலேவோ என்ற இடத்தில் 1961இல் தொடங்கிய அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இன்று அது வாஜ்பாய் பெயரில் இயங்குகிறது. அங்கே அடிப்படைப் பனிச்சறுக்கு வகுப்பு இரண்டு வாரம். முதல் சில நாட்கள் சறுக்குவதைவிட ஏறுவதுதான் அதிகம். காலில் மாட்டிய ஸ்கீயை, அதாவது சறுக்குப் பலகையை, சரிவுக்குக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் படி படியாக ஏறி, இறங்கி, விழுந்து, மறுபடி ஏற வேண்டும். தொடை கெஞ்சும். கோத்தகிரி ஏற்றம் அப்போது கைகொடுக்கும்.

அந்த இரண்டு வாரத்தில் சறுக்கலோடு இன்னொன்றையும் கற்றுக்கொள்வீர்கள். காலையில் இறுகி ஓடு போல இருக்கும் பனி, பத்து பதினொரு மணிக்கு மேல் இளகி, மதியத்தில் கூழாகிவிடும். வெயில் எந்தச் சரிவில் முதலில் விழுகிறது, எந்த மூலையில் நாள் முழுக்க நிழல் என்று கண் தானாகப் பார்க்கத் தொடங்கும். மார்ச்சில் செங்குத்தான சரிவுகளில் மதியத்துக்கு மேல் ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து வரும் ஆபத்தும் இதனால்தான்.

இனி நேராக மே மாதத்துக்கு வருகிறேன். சோலாங்கில் நீங்கள் விழுந்து புரண்ட அதே பனி உருகி, சோலாங் ஓடையாகிப் பல்சானில் பியாஸில் கலந்து, மணாலியைத் தாண்டி, குல்லுவை அடுத்த பிர்டிக்கு வந்துசேர்ந்திருக்கும். ரப்பர் படகுகள் அங்கிருந்துதான் ஜிரி வரை பதினான்கு கிலோமீட்டர் போகின்றன. உச்சியில் நண்பகல் வெயிலில் உருகிய நீர் கீழே வந்துசேரச் சில மணிநேரம் ஆகும். அதனால் ஓடைகள் மதியத்துக்கு மேல் பொங்கத் தொடங்கும், மாலையில் மிரட்டும். ஹம்ப்டா கணவாய்க்கு நடப்பவர்கள் பாலு கா கேரா முகாமுக்குப் போகும் வழியில் ஓடையைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்று கைடுகள் விரட்டுவது இதனால்தான். காலையில் முழங்காலளவு ஓடும் நீர், மாலையில் ஆளை அடித்துக்கொண்டு போகும். பனிச்சறுக்கு கற்றவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே வெயில், அதே கடிகாரம்.

ஹம்ப்டாவைத் தவறவிடாதீர்கள். 4,270 மீட்டர் உயரக் கணவாய். இந்தப் பக்கம் பச்சை, மறுபக்கம் லாஹௌலின் வறண்ட கல்வெளி. இரண்டையும் ஒரே நாளில் கால் தாண்டும். மணாலி சுமார் 2,050 மீட்டர்தான் என்பதால் அங்கேயே சில மாதம் இருந்துவிட்டு ஏறினாலும் உடல் இதற்குத் தயார் என்று எண்ணிவிட வேண்டாம். மூவாயிரத்துக்கு மேல் ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வேறு விஷயம். 2023 ஜூலையில் பியாஸ் பெருகி நெடுஞ்சாலையைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் விளையாட்டை மறந்துவிட்டு அறையில் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். கை அரித்தால், வானம் தெளிந்த நாளில் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாஹௌலுக்குப் போகலாம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. மழை மறைவுப் பகுதி என்பதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். அங்கே சிசு என்ற ஊரிலிருந்து கேலாங் வரையிலான சாலை உங்கள் சைக்கிளுக்கு நன்றாக இருக்கும். அப்பாவுக்கும் ஒரு ஆறுதல்.

அப்பாவின் பழமொழிக்கு வருகிறேன். அது மரம் வெட்டும் தச்சனுக்குச் சரி. மணாலியில் எனக்குப் பழக்கமான ஒருவர் குளிர்காலத்தில் சறுக்கப் பயிற்சி கொடுப்பார், மே மாதம் படகில் துடுப்போடு நிற்பார், ஜூனில் கணவாய்க்கு ஆள் கூட்டிப்போவார், ஆகஸ்ட் கடைசியில் போன் செய்தால் எடுக்கமாட்டார். அப்போது அவர் தோட்டத்தில் ஆப்பிள் பறிப்பு. நான்கு தொழில் என்று நாம் சொல்வோம். அவரைக் கேட்டால் மலையில் பிழைக்கிறேன் என்பார், அவ்வளவுதான். ஒரே துறையில் உச்சிக்குப் போனவர்களும் அந்த மண்ணில்தான் வளர்ந்தார்கள். வசிஷ்ட் கிராமத்துச் சிவ கேசவன் பதினாறு வயதில் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் லூஜ் பனிவண்டி ஓட்டினார். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகள். தகுந்த பாதை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் பூட்டி மலைச்சாலையில் பயிற்சி செய்தவர். அவருடைய அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலியர். புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர் 2018இல் துருக்கியில் வெண்கலம் வாங்கினார்; சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் அது. அந்த ஆழம் முப்பத்தொன்றில் தொடங்குபவருக்குக் கிடைக்காது. அதற்காக வருந்தவும் வேண்டாம்.

ஆனால் தொட்டுப்பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பாராகிளைடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் முன்னால் கட்டிவைத்து இறக்கிவிடும் இரட்டைச் சவாரியில் நீங்கள் வெறும் சுமை. ஒருமுறை போங்கள், வேடிக்கையாகத்தான் இருக்கும், அதை விளையாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். கற்க விரும்பினால் மழை ஓய்ந்தபின் அக்டோபரில் பீர் பில்லிங்குக்கு மாறிவிடுங்கள். மணாலியிலிருந்து அரை நாள் பஸ் பயணம். 2015இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் கிளம்பிக் கீழே பீர் கிராமத்து வயல்வெளியில் இறங்குவார்கள். ஆனால் கற்பவரை முதல் நாளே அங்கே ஏற்றமாட்டார்கள். சமதரையில் நின்று, காற்றில் துணியை எழுப்பி, தலைக்கு மேல் நிறுத்திவைக்கும் பயிற்சியே நாட்கணக்கில் போகும். அலுப்பாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

நவம்பரில் பனியும் இல்லை, ஆற்றில் நீரும் குறைவு, சுற்றுலாப் பயணிகளும் குறைவு. பாறையேற்றத்தை ஏப்ரலிலிருந்து அந்த மாதத்துக்கு நகர்த்துங்கள். ஏப்ரலில் மழை அடிக்கடி வந்து பாறை வழுக்கும். பழைய மணாலியைச் சுற்றிப் பெரிய உருண்டைக் கற்கள் நிறைய உண்டு. நவம்பர் வெயிலில் அவை காய்ந்து, கைக்கு நல்ல பிடிமானம் கொடுக்கும்.

நடைமுறைக் காரியங்கள் சில. டிசம்பருக்குப் பின் குழாயில் தண்ணீர் உறையும், பனி விழுந்தால் மின்சாரம் போகும். இன்வெர்ட்டர் உள்ள வீடாகப் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே படித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் அலுவலக நேரம். இறுகிய பனி, தாழ்ந்த ஓடை, அடங்கிய காற்று எல்லாமே காலையில்தான் கிடைக்கும். ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டுமென்றால் மணாலியில் இருந்தும் கோவையில் இருப்பது மாதிரிதான். மதியம் தொடங்கி இரவு வரை வேலை செய்ய உங்கள் மேலாளரிடம் முதலில் பேசுங்கள். அவர் சம்மதித்த பிறகு பனிச்சறுக்கு வகுப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்த இரண்டு வாரமும் முழு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.