தீபாவளி லீவுல டா நாங் போகலாமா?

அப்பா அம்மாவோட தீபாவளி லீவுல வியட்நாம்ல டா நாங், ஹோய் ஆன் போகலாமான்னு கேட்டிருந்தீங்க. என்னைக் கேட்டா வேண்டாங்க. நடு வியட்நாமுக்கு அக்டோபர், நவம்பர்தான் அடைமழைக் காலம். நாங்க போனப்போ ஹோய் ஆன் ஆத்தங்கரைத் தெருவுல முழங்கால் தண்ணி. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தோம். ஒரு பழைய வீட்டுச் சுவத்துல எந்த வருஷம் வெள்ளம் எதுவரைக்கும் ஏறுச்சுன்னு குறிச்சே வெச்சிருக்காங்க, சில குறி என் தலைக்கு மேல! டா நாங் பக்கத்துல இருக்குற பா நா மலை தங்கப் பாலத்துல வெறும் மூட்டம்தான்.

டிக்கெட் இன்னும் போடலைன்னா வடக்க இருக்குற தலைநகர் ஹனோய்க்கு மாத்துங்க. நவம்பர்ல அங்க மழை குறைஞ்சு, பெரியவங்க நடக்கத் தோதான இளங்குளிரா இருக்கும். ஹா லாங் விரிகுடா படகுப் பயணத்தையும் சேர்த்துக்கலாம். டா நாங்தான் வேணும்னா மார்ச், ஏப்ரல். பிப்ரவரின்னா வியட்நாம்காரங்களோட டெட் புத்தாண்டுத் தேதியைப் பார்த்துட்டுப் போடுங்க, பாதிக் கடை பூட்டிக் கிடக்கும்.