முதுகை அளந்தீர்களா?

கேள்வி: நவம்பரில் தோழிகளோடு மேற்கு வங்கத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு ட்ரெக்கிங் போகிறேன், ஐந்து நாள் நடை. என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 52 கிலோ. அண்ணனின் 65 லிட்டர் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மொட்டைமாடியில் நடந்து பார்த்தேன், கொஞ்ச நேரத்திலேயே தோள் கழன்றுவிடும் போலாகிவிட்டது. 50 லிட்டர் பை வாங்கினால் சரியாகிவிடுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: லிட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு தெரியும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டு, அந்தக் கழுத்தெலும்பிலிருந்து கட்டைவிரல்களுக்கு நேரே முதுகுத்தண்டு வரை தோழி யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் பையின் அளவு. மொத்த உயரத்தை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது, ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், இன்னொருவருக்கு முதுகு.

அண்ணன் பை அவர் முதுகு நீளத்துக்கு வாங்கியது. உங்களுக்கு அதன் இடுப்பு பெல்ட் இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கியிருக்கும், மொத்த பாரமும் தோளில் தொங்கியிருக்கும். ட்ரெக்கிங் பையில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் மாட்டும் பட்டைகள் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். தண்ணீர்க் குடத்தை எங்கே வைத்துத் தூக்குகிறோம் என்று யோசித்தால் புரிந்துவிடும். சில பைகளில் தோள்பட்டையை மேலும் கீழும் நகர்த்தி முதுகு நீளத்தை மாற்றலாம். அண்ணன் பையில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் செலவு மிச்சம். இல்லையென்றால் பெண்களுக்கென்று வரும் மாடலைப் போட்டுப் பாருங்கள், முதுகு குட்டையாகவும் தோள்பட்டை குறுகலாகவும் இருக்கும்.

இப்போது லிட்டர். சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரம், ஆனால் வழியில் டும்லிங், காளிபோக்ரி என்று தங்குமிடங்கள் இருக்கின்றன, படுக்கை, ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை), சாப்பாடு எல்லாம் கிடைக்கும். கூடாரமும் அடுப்பும் தானே சுமக்கிறவர்களுக்குத்தான் 60 லிட்டர். உங்களுக்கு 40, 45 தாராளம். பெரிய பை வாங்கினால் இடம் இருக்கிறதே என்று மூன்றாவது ஸ்வெட்டரும் உள்ளே போய்விடும் (இதில் யாரும் விதிவிலக்கில்லை). பொதுவாகச் சொல்லும் கணக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது உங்களுக்குத் தண்ணீரோடு சேர்த்து 10 கிலோ, அதையும் தொடாமல் இருந்தால் நல்லது. வெறும் பையே 2 கிலோ இருக்கும் மாடல்கள் உண்டு, அதையும் கவனியுங்கள்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு வாங்காதீர்கள், காலியாக இருந்தால் எல்லாப் பையும் சுகம்தான். உள்ளே ஏழெட்டு கிலோ போடச் சொல்லுங்கள். பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டு முதலில் பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்குங்கள், அப்புறம் தோள்பட்டை, அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையோடு சேரும் சின்னப் பட்டைகள், கடைசியில் நெஞ்சுப் பட்டை, அது மூச்சை அழுத்தக் கூடாது. அப்படியே கால் மணி நேரம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: பையோடு ரெயின் கவர் கொடுத்தார்கள். மழைக்கு அது போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. அது வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும், உங்கள் முதுகில் வழிகிற தண்ணீர் பைக்குள் இறங்கத்தான் செய்யும், பலத்த காற்றில் கவர் பறந்தும் போகும். பைக்குள் ஒரு தடிமனான பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, துணியையெல்லாம் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: முதுகில் வியர்க்காமலிருக்க வலை வைத்த பை நல்லதா?
– வாசகர், தேனி

பதில்: உங்கள் பக்கத்து மலைகளில் கோடையில் நடப்பதற்கு நல்லதுதான், வலைக்கும் பைக்கும் நடுவே காற்று போகும். ஆனால் அந்த இடைவெளியால் பாரம் முதுகை விட்டுத் தள்ளி நிற்கும், சுமை கூடக்கூடப் பின்னால் இழுப்பது தெரியும். கனமான சாமான்களை முதுகை ஒட்டி நடுவில் வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். குளிர் பிரதேசத்துக்கு என்றால் நான் வலைக்காகத் தனியாகக் காசு கொடுக்க மாட்டேன்.