கேள்வி – பதில்: ஏவியாச்சு, ஏன் பேசவில்லை?

கேள்வி: எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிறிய செயற்கைக்கோள் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முன் யார் செய்திருக்கிறார்கள்? (வாசகர், கரூர்)

பதில்: முதல் பெருமை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. இஸ்ரோ வழிகாட்டுதலில் அங்கே உருவான 40 கிலோ அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12 ராக்கெட்டில் போனது. அடுத்து எஸ்.ஆர்.எம்.சாட் (2011, 10.9 கிலோ), சத்தியபாமாசாட் (2016, 1.5 கிலோ). குமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 15 கிலோ. பயிர்களையும் பேரிடர்ப் பகுதிகளையும் படமெடுப்பதற்காக 2017இல் ஏவப்பட்டது.

கேள்வி: ராக்கெட்டிலிருந்து ஒழுங்காகப் பிரிந்தும் சில மாணவர் செயற்கைக்கோள்களிடமிருந்து ஒரு சிக்னல்கூட வருவதில்லையே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: 10 சென்டிமீட்டர் கனசதுரமான கியூப்சாட்டை எடுத்துக்கொள்வோம். ராக்கெட்டில் இருக்கும்வரை அது அணைந்தே இருக்க வேண்டும். வெளியே தள்ளப்பட்டதும் சுவிட்ச் விடுபட்டு உயிர் வரும். 30 நிமிடம் கழித்துத்தான் ஆன்டெனாவை விரிக்கலாம். 45 நிமிடம்வரை ரேடியோ பேசக் கூடாது.

மடித்த ஆன்டெனாவைக் கட்டிவைப்பது பெரும்பாலும் நைலான் நூல். சிறு மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று சூடாகி அதை அறுக்கும். குளிரில் பேட்டரி மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் அந்தச் சூடு 19 சதவீதம் குறைந்துவிடும், நூல் அறாது. அதனால் ஒரு நூலுக்கு இரண்டு மின்தடை வையுங்கள். அறாவிட்டால் மறுபடி முயலும்படி நிரலும் எழுதுங்கள். வெப்ப-வெற்றிடச் சோதனையில் (விண்வெளிபோல் காற்றில்லாத அறையில் சூடும் குளிரும் தந்து பார்ப்பது) பேட்டரி சார்ஜைப் பாதி இறக்கிவைத்து இதைப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அறை வெப்பத்தில், முழு சார்ஜில் பத்து முறை அறுத்துக் காட்டுவதால் பயனில்லை.

அடுத்தது மின்கணக்கு. 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம். அதில் ஏறக்குறைய 35 நிமிடம் பூமியின் நிழல். உடலில் ஒட்டிய சோலார் செல்கள் சராசரியாக 2 வாட் தந்தாலே நல்லது. 1 வாட் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரோ 3 வாட் வரை இழுக்கும். விடாமல் பேசவிட்டால் பேட்டரி காலியாகும், கணினி அணைந்து எழும், எழுந்ததும் மறுபடி பேசும், மறுபடி அணையும். லித்தியம் அயன் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் ஹீட்டருக்கும் இந்தக் கணக்கிலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

பல குழுக்கள் தவறவிடுவது முழுச் சோதனையை. ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையும் மேசையில் தனித்தனியே வேலை செய்திருக்கும். ஒன்றாகப் பூட்டிப் பல நாள் ஓட்டியிருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் ஒரு கட்டடத்தில், தரைநிலையம் இன்னொன்றில். நடுவில் கேபிளே கூடாது. இப்படி இரண்டு வாரமாவது ரேடியோவில் மட்டும் கட்டளையிட்டுப் பாருங்கள். கால அட்டவணையில் பாதியைச் சோதனைக்கு விட்டுவிடுங்கள்.

கோளாறு தரையிலும் இருக்கலாம். ஒருமுறை தலைக்கு மேல் கடக்கும்போது கிடைப்பது அதிகபட்சம் 10 நிமிடம் போல. செயற்கைக்கோள் வேகமாக நெருங்கி விலகும்போது அலைவரிசை மாறித் தெரியும் டாப்ளர் விளைவால் 437 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் இருபுறமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் நகரும். ரிசீவர் அதோடு சேர்ந்து நகராவிட்டால் காதில் விழாது.

கேள்வி: அலைவரிசை அனுமதி எப்போது கேட்பது? (வாசகர், ஓசூர்)

பதில்: வடிவமைப்பு முடிவானதுமே. ஹாம் (பொழுதுபோக்கு வானொலி ஆர்வலர்களின்) அலைவரிசை என்றால் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு வேண்டும்; தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை உரிமம் தரும் டபிள்யூ.பி.சி. பிரிவு, அரசு சாரா விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான இன்-ஸ்பேஸ் ஆகியவற்றின் அனுமதிகள் தனி. தரைநிலையத்தில் உட்காரும் மாணவர்கள் ஹாம் உரிமத் தேர்வை இப்போதே எழுதட்டும்.