காரணி கிடைக்காத வளைவரைகள்

அன்புள்ள ஐயா,

2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் மெர்சென் எண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, 2¹²⁷⁷ − 1 என்ற எண்ணுக்குக் காரணி தேடும் வேலையில் என் கணினியையும் இறக்கினேன். நீள்வட்ட வளைவரைகளைக் கொண்டு காரணி தேடும் ஜிஎம்பி-ஈசிஎம் நிரலில் முதல் எல்லையை (முதற் கட்டத்தில் கணக்கில் கொள்ளும் பகா எண்களின் உச்சவரம்பை) 26 கோடி என்று வைத்து, ஐந்து மாதங்களாக இரவு நேரங்களில் ஓட்டி வருகிறேன். 3,000 வளைவரைகள் முடிந்தும் ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு இரண்டு ஐயங்கள். அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், மெர்சென் எண்ணின் காரணி எதுவானாலும், அதிலிருந்து 1ஐக் கழித்தால் அடுக்கின் இருமடங்கால் மீதியின்றி வகுபடும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். இவ்வளவு திட்டமான குறிப்பு கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு, வளைவரைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது ஏன்? இதுவரை ஓட்டிய 3,000 வளைவரைகளும் வீண்தானா?

அன்புடன்,
கணிதம் படிக்கும் ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறிப்பு சரியானதுதான். 2¹²⁷⁷ − 1இன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 2554ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும். 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தரும். ஆனால் 60 இலக்கங்கள் வரையுள்ள எண்களில் முதல் நிபந்தனைக்கு உட்படுபவை மட்டுமே ஏறத்தாழ 4 × 10⁵⁶ இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம்.

அதற்காக அந்தக் குறிப்பு பயனற்றுப் போய்விடவில்லை. 1974இல் ஜான் பொலார்டு வெளியிட்ட முறையில் அது நேரடியாகவே உதவுகிறது. ஒரு காரணியிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண், சிறிய பகா எண்களின் பெருக்கலாக மட்டுமே அமைந்துவிட்டால், அந்தக் காரணியை எளிதில் பிடித்துவிடலாம் என்பதே அம்முறையின் சாரம். 2⁶⁷ − 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெர்சென் 1644இல் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876இல் எதுவார் லூக்கா, காரணி எதையும் காட்டாமலேயே, இது பகு எண் என்று நிறுவினார். 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் இதை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார். இவற்றில் சிறிய காரணியிலிருந்து 1ஐக் கழித்தால் 193707720 வருகிறது. அது 2³ × 3³ × 5 × 67 × 2677. இதில் 67 என்பது அடுக்கேயாதலால், அதை நாம் தேட வேண்டியதில்லை. எஞ்சியவற்றுள் மிகப் பெரியது 2677 மட்டுமே என்பதால், பொலார்டு முறை இக்காரணியை இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் தந்துவிடும்.

காரணியிலிருந்து 1ஐக் கழித்த எண்ணில் இருபது, முப்பது இலக்கப் பகா எண் ஒன்று ஒளிந்திருந்தால் என்ன செய்வது? பொலார்டு முறையில் அதற்கு வழியில்லை. ஒரு காரணிக்கு அப்படிப்பட்ட எண் ஒன்றே ஒன்றுதான். அது நமக்கு ஒத்துவராவிட்டால் வேறொன்றைக் கேட்டு வாங்க முடியாது. ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா 1987இல் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில்தான் கதவைத் திறந்தது. எண் கோட்பாட்டில் நான் மிகவும் போற்றும் சிந்தனைகளில் அதுவும் ஒன்று. நீள்வட்ட வளைவரையின் மீதுள்ள புள்ளிகளை ஒன்றோடொன்று கூட்டலாம்; அவை ஒரு குலமாக (கூட்டினாலும் கழித்தாலும் தனக்குள்ளேயே நிற்கும் தொகுதியாக) அமைகின்றன. (வளைவரை நீள்வட்டம் அன்று, நீள்வட்டத்தின் வில் நீளத்தைக் கணக்கிடும் தொகையீடுகளிலிருந்து வந்த பெயர் இது.) காரணியால் வகுத்த மீதிகளை மட்டும் கணக்கில் கொண்டால், வளைவரையை மாற்றும்போது அக்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் மாறும். அந்த எண்ணிக்கை காரணியோடு 1ஐக் கூட்டிய எண்ணை ஒட்டியே இருக்கும் என்றும், காரணியின் வர்க்கமூலத்தின் இருமடங்குக்கு மேல் விலகாது என்றும் 1930களில் ஹெல்முட் ஹாஸே நிறுவியிருந்தார். ஆகவே ஒரு வளைவரையில் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் அடுத்த வளைவரைக்குப் போகலாம். நீங்கள் குலுக்கல் என்று குறைபட்டுக்கொள்வதுதான் இம்முறையின் உயிர்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும். 2¹¹ − 1 = 2047ஐ எடுத்துக்கொள்வோம். கிடை ஆயத்தொலைவை க என்றும் செங்குத்து ஆயத்தொலைவை ச என்றும் கொண்டு, ச² = க³ + 2க + 1 என்ற வளைவரையில் (0, 1) என்ற புள்ளியிலிருந்து தொடங்குங்கள். அப்புள்ளியில் வரையும் தொடுகோட்டின் சாய்வு 1. அது வளைவரையை (1, 2)இல் மறுபடி வெட்டுகிறது. குறியை மாற்றினால் புள்ளியின் இருமடங்கு (1, −2). இதையும் முதற் புள்ளியையும் இணைக்கும் கோட்டின் சாய்வு −3; அது (8, −23)இல் வெட்டுவதால் மும்மடங்கு (8, 23). இப்போது இதை இரட்டித்து ஆறுமடங்கைக் காண வேண்டும். அதற்கான தொடுகோட்டின் சாய்வு 194/46. 2047இன் மட்டில், அதாவது 2047ஆல் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவதால், 46க்குப் பெருக்கல் நேர்மாறு (46ஆல் பெருக்கினால் மீதி 1 தரும் எண்) வேண்டும். 2047ஐ 46ஆல் வகுத்தால் மீதி 23. 46ஐ 23ஆல் வகுத்தால் மீதியில்லை. மீப்பெரு பொது வகுத்தி 1ஆக இல்லாததால் நேர்மாறு கிடையாது, கணக்கு அங்கேயே முறிகிறது. முறிந்த இடத்தில் காரணி கிடக்கிறது: 2047 = 23 × 89.

ஏன் முறிந்தது? 23இன் மட்டில் இந்த வளைவரையில் 30 புள்ளிகள் உள்ளன; 30 = 2 × 3 × 5. நம் புள்ளி அங்கே ஆறாவது மடங்கிலேயே குலத்தின் சுழிப் புள்ளியை (கூட்டலில் 0 போல நிற்கும் புள்ளியை) அடைந்துவிடுகிறது, 89இன் மட்டிலோ அப்படி அடைவதில்லை. பொலார்டு முறைக்கு இதே காரணி தரும் எண் 22. அதில் 11 இருக்கிறது. வளைவரை மாறியதால் 11இன் இடத்தில் 5 போதுமானதாயிற்று. 60 இலக்கக் காரணியில் நடப்பதும் இதுவே. புள்ளிகளின் எண்ணிக்கையில் உள்ள பகாக் காரணிகள் எல்லாம் உங்கள் 26 கோடி எல்லைக்குள் அடங்கி, அதிகமாகப் போனால் ஒன்று மட்டும் அதைவிடப் பெரிதான இரண்டாம் கட்டத்தின் எல்லைக்குள் நிற்கும் வளைவரை அமைய வேண்டும்.

மெர்சென் எண்ணின் வடிவம் இங்கே வேறொரு வகையில் கைகொடுக்கிறது. 1277 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் 2554 பிட்கள் வரும். மேல் பாதியை எடுத்துக் கீழ்ப் பாதியோடு கூட்டினாலே மீதி கிடைத்துவிடும், வகுத்தல் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 60 இலக்கக் காரணிக்கு நீங்கள் வைத்திருக்கும் எல்லையில் ஏறத்தாழ 42,000 வளைவரைகள் வேண்டும் என்பது அந்நிரலின் கணக்கு. அதன் பொருள், 42,000 முடிந்ததும் காரணி கிடைத்தே தீரும் என்பதன்று. அத்தனையும் ஓட்டிய பிறகும் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 37 இருக்கும், அதே அளவு மறுபடி ஓட்டினால் 14ஆகக் குறையும். உங்கள் 3,000 வளைவரைகள், அப்படியொரு காரணி இருந்திருந்தால் அதைப் பிடிக்க நூற்றுக்கு 7 வாய்ப்பைத் தந்தன. வீண் என்று இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வளைவரை தோற்றதால் அடுத்தது வெல்லும் வாய்ப்பு கூடுவதில்லை.

நான் கவலைப்படுவது நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணைப் பற்றித்தான். அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்களில், பகு எண் என்று தெரிந்தும் ஒரு காரணிகூடத் தெரியாதவற்றுள் மிகச் சிறியது 2¹²⁷⁷ − 1. 385 இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை அதனாலேயே உலகெங்கும் பலர் நெடுங்காலமாகத் துருவிவிட்டார்கள். இதற்குமுன் அந்த இடத்தில் இருந்த 2¹⁰⁶¹ − 1, 2012இல் எண் களச் சல்லடை என்ற வேறொரு காரணி காணும் முறையின் சிறப்பு வடிவத்தால் உடைந்தபோது, காரணிகள் 143 இலக்கமும் 177 இலக்கமுமாக இருந்தன. 143 இலக்கம் வளைவரை முறைக்கு எட்டவே எட்டாது. 2013இல் 7³³⁷ + 1இலிருந்து 83 இலக்கக் காரணி ஒன்று கிடைத்ததே இம்முறையின் பெரும் சாதனைகளில் ஒன்று. சல்லடையின் உழைப்பு எண்ணின் அளவைப் பொறுத்தது, வளைவரையின் உழைப்போ பெரும்பாலும் காரணியின் அளவைப் பொறுத்தது. 2¹²⁷⁷ − 1இன் சிறிய காரணியும் நூறு இலக்கங்களைத் தாண்டியிருந்தால், அது சல்லடைக்காகத்தான் காத்திருக்கிறது.

ஆகவே, கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி உங்களுக்கு வேண்டுமானால், 10,000க்கு மேற்பட்ட பகா அடுக்குகளுக்கு மாறுங்கள். அங்கே எண்கள் ஆயிரக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை. சல்லடை அவற்றை நெருங்க முடியாது. முப்பது, நாற்பது இலக்கக் காரணிகளை வளைவரைகளால்தான் எடுக்க முடியும். எல்லையை 26 கோடியிலிருந்து பத்து லட்சம், முப்பது லட்சம் என்ற அளவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் திரையில் காரணி ஒன்று வந்தால், அதிலிருந்து 1ஐக் கழித்து, நீங்கள் சொன்ன அதே குறிப்பின்படி அடுக்கின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள், பிறகு 8ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7தானா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.