ஹாலோவீனும் பாட்டியும்

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு மூன்றரை வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஹாலோவீனுக்கு மிட்டாய் வாங்கப் போக வேண்டும் என்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "பேய் வேஷம் கட்டி வீடு வீடாகப் பிச்சை எடுக்கவா?" என்கிறார். விஷ மிட்டாய் என்று வாட்ஸப் செய்திகள் வேறு. அழைத்துப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. என் மகள் இருக்கும் அயோவாவின் டெமாய்ன் நகரத்தில் இதற்குப் பெயரே 'பிச்சைக்காரர் இரவு'தான். ஆனால் அங்கே மிட்டாய் சும்மா கிடைக்காது, குழந்தை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். நாலு வயதுப் பேரனோடு ஒருமுறை போனேன். வாரம் முழுக்க ஒரு ஜோக்கை மனப்பாடம் செய்திருந்தான். முதல் வீட்டுக் கதவு திறந்ததும் மறந்துவிட்டது. "நாக் நாக்" என்றான், கதவைத் தட்டுவது போல ஆரம்பிக்கும் ஜோக் அது. "யாரது?" என்றார் அந்தப் பெரியவர். "நான்தான்" என்று சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு சாக்லேட் கிடைத்தது. கொலுவுக்குப் போனால் பாடச் சொல்லிவிட்டுச் சுண்டல் தருவார்களே, அந்தக் கணக்குதான்.

பழைய இங்கிலாந்தில் ஏழைகள் இப்படி வாசல் வாசலாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி கேக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். திதி கொடுத்துப் பழகிய பாட்டிக்கு இது சட்டென்று புரியும்.

விஷ விவகாரத்துக்கு வருகிறேன். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் துருவிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் தந்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடால் இறந்தான். வைத்தது பெற்ற அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. நீங்கள் பயப்பட வேண்டியது காருக்கு. இருட்டுவதற்குள் கிளம்புங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். கண்ணை மறைக்கும் முகமூடி வேண்டாம். வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போகாதீர்கள், 'வராதே' என்றுதான் அதற்கு அர்த்தம். கெட்டி மிட்டாயை நீங்களே தின்றுவிடுங்கள், சின்னத் தொண்டையில் சிக்கும். உடைக்குள் ஸ்வெட்டர் கட்டாயம். டைனோசர் வேஷம் போட்ட எங்கள் பேரன் அன்று பூசணிக்காய் மாதிரிதான் இருந்தான்.

எத்தனை வீடு என்பதை அவளே சொல்லட்டும். ஆறாவது வீட்டு வாசலில் ஒரு எலும்புக்கூடு பச்சைக் கண்ணோடு எழுந்து உட்கார்ந்தது. பேரன் என் காலைக் கட்டிக்கொண்டான். தெருக்கோடிவரை போகலாம் என்றாள் என் மகள். நான் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் வாசல்படியில் கிண்ணத்தோடு உட்கார்ந்து, வந்த பிள்ளைகளிடமெல்லாம் "ஜோக் சொல்லு" என்று அதிகாரம் பண்ணினான். கிண்ணம் காலியானதும் தன் பையைக் கொட்டி, பிடிக்காததையெல்லாம் பொறுக்கி எடுத்து அவர்களுக்குப் போட்டான்.